மடியை உதறுங்க

வீரபாகு மேனேஜராக வந்ததிலிருந்து உண்ணாமலைக்கு அவன் மூஞ்சியைக் கண்டாலே ஆகாது. அதற்காக அவளை வாய்த்துடுக்குப் பிடித்தவள் என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நாமகிரிப்பேட்டை சாலையில் இருந்தது அந்த ஜவ்வரிசி ஆலை. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததும் கப்பலில் வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சமயம் பார்த்துக் கண்ணுசாமி முதலாளி குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவெடுத்து இங்கேயே ஜவ்வரிசி போட ஆரம்பித்தார். தோல் சீவுவது, மாவை மணியாக உருட்டுவது, வறுத்த மணியைக் களத்தில் கொட்டிக் காயவைப்பது எல்லாம் பெண்கள்தான். முதல் அடுப்பு மூட்டிய நாளிலிருந்து உண்ணாமலை அங்கே கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆலைக்கு எமன் என்றால் மழைதான். களத்தில் காய்கிற மணி நனைந்தால் அவ்வளவும் கூழ். அதனால் மேகம் கறுப்பதை யார் பார்த்தாலும் ஒரு சத்தம் கொடுப்பார்கள். கத்தியைப் போட்டது போட்டபடி எல்லோரும் ஓடுவார்கள். கூடை நாலைந்துக்கு மேல் இருக்காது. கூடை கிடைக்காதவர்கள் முந்தானையை மடியாகக் கட்டி, அள்ளி அள்ளிக் கொட்டகைக்குள் கொட்டுவார்கள்.

மருதாசலம் மேனேஜராக இருந்த காலத்தில் முதலில் ஓடுகிறவர் அவர்தான். வேட்டியை மடி மாதிரி ஏந்திக்கொண்டு களத்தில் குதிப்பார். மழை விட்டதும் இடுப்பைத் தட்டிக்கொண்டே, "என்ற இடுப்புல ஒட்டுனதே ராத்திரிப் பாயசத்துக்கு ஆவும் போல இருக்குதே!" என்று சிரிப்பார். அவருக்கும் கோபம் வரும். தப்பு செய்தவளைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார், அத்தோடு மறந்துவிடுவார். விரலை அறுத்துக்கொண்டால் தானே மஞ்சள் வைத்துத் துணி சுற்றுவார். அவர் பார்க்காத நேரத்தில்தான் பெண்கள் இன்னும் மும்முரமாகச் சீவினார்கள். அந்த மனுஷனுக்கு அவப்பெயர் வரக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை.

முதலாளியம்மாளின் தம்பிக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மருதாசலத்தை அனுப்பிவிட்டு வீரபாகுவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வந்தவன் சும்மா இருந்தானா? பேசினால் குற்றம், தண்ணீர் குடிக்க எழுந்தால் குற்றம். வாசல் கதவு இரண்டில் ஒன்றைச் சாத்தித் தாழ் போட்டான், பெண்கள் சாயங்காலம் ஒவ்வொருத்தியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். ஆலை என்று நினைத்தானோ ஆட்டுப்பட்டி என்று நினைத்தானோ, பாவி.

ஐப்பசியில் ஒரு நாள் திடீரென்று தூறல் விழுந்தது. வழக்கம்போல உண்ணாமலைதான் சத்தம் கொடுத்தாள். எல்லோருமாக ஓடி ஒரு மணி வீணாகாமல் அள்ளிவிட்டார்கள். "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை வந்ததா அவன் வாயிலிருந்து? சாயங்காலம் வாசலில் நின்று உண்ணாமலையை மறித்து, "மடியை உதறு" என்றான்.

ஈரச் சேலை. உதறினால் ஒட்டியிருந்தது விழாதா? நாலு மணி விழுந்தது.

"பாத்தியா? திருடி! நீதான் இதுகளுக்கெல்லாம் தலைவியா?" என்றான். சாலையில் போன வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னையிலிருந்து எவ மடியில ஒரு மணி இருந்தாலும் அது களவுதான். களவுன்னா வேலை கெடையாது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அத்தனை பெண்களும் அவன் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

உண்ணாமலைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் அங்கமுத்து, "அந்த வேலையே வேண்டா, உட்டுத்தள்ளு. காட்டு வேலையா இல்ல நமக்கு?" என்றான்.

"நான் எதுக்குப் போவோணும்? திருடுனவளா நானு? அந்த வார்த்தைய அவன் வாயாலயே, அதே வாசல்ல வெச்சுத் திருப்பி எடுக்க வெக்கறனா இல்லையா பாரு. அப்புறம் வேணும்னா போறேன்" என்றாள்.

நாள் போனது. கார்த்திகையில் ஒரு நாள், வேலை விடுகிற நேரம். களம் முழுக்க மணி பரப்பிக் கிடந்தது. கொல்லிமலைப் பக்கம் வானம் மைபோல இருண்டு வந்தது. உண்ணாமலை பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் சத்தம் கொடுக்கவில்லை. கிழங்கு சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதல் சொட்டு தகரக் கொட்டகையில் விழுந்ததும் வீரபாகு அறையை விட்டு ஓடி வந்தான். "ஏய், என்ன உக்காந்திருக்கறீங்க? எந்திரிங்க! மளை வருது, கண்ணு தெரியலையா?"

கூடை இருந்த நாலு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உண்ணாமலையைப் பார்த்தார்கள்.

"எங்களுக்குக் கூடை இல்லீங்களே" என்றாள் அவள்.

"கூடைக்கு எங்க போவேன் இப்ப? மடியில அள்ளு!"

"மடியிலயா? அது களவுங்களே. நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"இப்ப அதைப் பேசற நேரமா? மொதலாளி வந்தா என்ற தோலை உரிச்சுப்போடுவாரு!"

உண்ணாமலை கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அப்படீன்னா மொதல்ல நீங்க உங்க வேட்டியில அள்ளுங்க. நாங்க கண்ணால பாக்கறோம். அப்புறம் நாங்க அள்ளறோம்."

அவன் பல்லைக் கடித்தான். வானத்தைப் பார்த்தான். களத்தைப் பார்த்தான். வேறு வழி? வெள்ளை வெளேரென்ற சலவை வேட்டியை ஏந்திப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்கிக் குனிந்தான்.

"வாங்கடி!" என்றாள் உண்ணாமலை.

அடேயப்பா, அன்றைக்குப் போல அவர்கள் ஓடியதே இல்லை. பொன்னாயி என்ற சின்னப் பெண் இரண்டு முறை வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். மழை கொட்டியது. ஓரத்தில் கொஞ்சம் கூழாகிப் போனது, மற்றதெல்லாம் தப்பியது.

மழை விட்ட கையோடு முதலாளி கண்ணுசாமி குடையும் கையுமாக வந்து வாசலில் நின்றார். "களம் தப்பிச்சுதா?"

"நான் இருக்கறப்ப நனைய உட்ருவனா மாமா? எல்லாத்தையும் வெரட்டி வேலை வாங்கிட்டேன்" என்றான் வீரபாகு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கூசாமல் சொன்னான்.

வேலை முடிந்து பெண்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். காவல்காரன் குழந்தைவேல் எப்போதும்போல ஒற்றைக் கதவைத் திறந்து வைத்திருந்தான். உண்ணாமலை அந்த இடைவெளியில் போய் நின்றுகொண்டாள்.

"ஆமாங்க மொதலாளி, மேனேஜரும் எங்களோட அள்ளுனாருங்க. அதனால இன்னைக்கு அவரும் மடியை உதறோணுமுங்க."

"ஏய்!" என்றான் வீரபாகு.

"என்ன கதை இது?" என்றார் முதலாளி.

"தெனமும் எங்களை இங்க நிக்க வெச்சு உதறச் சொல்றாருங்க. ஒரு மணி உளுந்தாலும் திருடியாமுங்க. என்னை ரோட்டுல போறவன் வாரவன் கேக்கறாப்புல சொன்னாருங்க. சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே? உதறுங்க சாமி."

முதலாளி மச்சினனைப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. வீரபாகு சுற்றிலும் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பைப் பிடித்து ஒரு உதறு உதறினான்.

பொலபொலவென்று விழுந்தது ஜவ்வரிசி. பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்பச் சொல்லுங்க. இது களவுங்களா?"

அவன் வாய்க்குள் என்னவோ முனகினான்.

"கேக்கலீங்க. அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்டுதுங்களே."

"களவில்ல" என்றான் வீரபாகு. எல்லோருக்கும் கேட்டது.

"ஆமாங்க, களவில்லீங்க. மளைக்கு அள்ளுன மடியில நாலு மணி ஒட்டத்தான் ஒட்டும். மருதாசலம் ஐயாவுக்கு இது தெரிஞ்சுதுங்க. உங்களுக்குத் தெரியறதுக்கு ஒரு வேட்டி நனைய வேண்டியிருந்துது" என்றாள் உண்ணாமலை. "நாளைக்கு வேலைக்கு வாரனுங்க மொதலாளி. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க. ஆனா இனி எவளும் மடியை உதற மாட்டா."

முதலாளி கீழே கிடந்த மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேரத்தோட வந்து சேருங்க" என்றார்.

அவள் ஈர முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். யாரும் சொல்லாமலேயே குழந்தைவேல் தாழை எடுத்து இரண்டு கதவையும் திறந்துவிட்டான்.