பதினோரு அடி உயரத்தில் ஒரு வாராக்கடன்

வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தி ஆறு வருஷம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, கிளீவ்லாந்தில் ப்ரோனியா குச்தாவின் வீடு தரையை விட்டுப் பதினோரு அடி எழும்பி நின்றது. அந்த வாரம் முட்டை டஜன் மூன்று டாலர். தெருவில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள். முட்டையைப் பற்றித்தான் அதிகம். தபால்காரர் ஏணி கொண்டுவரத் தொடங்கினார்.

அந்த வீட்டின் அடமானப் பத்திரம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் டெல்மர் பிக்ஸிடம் வந்து சேர்ந்தது. எழுபதாயிரம் டாலர் கடன் ஒன்பதாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்ற பூரிப்பில் லாரியை விற்று வாங்கியவர், தேதியைப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் தாண்டிய கடனுக்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் கடன்பட்டவர் தானாக ஒரு டாலர் கட்டிவிட்டால் கடனுக்கு உயிர் வந்துவிடும், வீடும் இறங்கிவிடும். ப்ரோனியாவுக்கு வேறு போக்கிடம் இல்லை, டெல்மருக்கு வேறு காசு இல்லை. டெல்மர் அந்த வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே கூடாரம் போட்டார்.

"ஏம்மா, ஒரே ஒரு டாலர் போடுங்க. மீதிய நாம பேசிக்கலாம்."

"உன் பேச்சுக்கு அரை டாலர் தேறாது தம்பி. தள்ளி நில்லு, பாத்திரம் கழுவின தண்ணி வருது."

யாரிடமும் ஓசியில் வேலை வாங்குவது ப்ரோனியாவுக்குப் பிடிக்காது. அதைத் தெரிந்துகொண்ட டெல்மர், ஜனவரியில் அவர் வாசல் நடைபாதைப் பனியை மூன்று நாள் வாரிப் போட்டார். மனசு கேட்காமல் ப்ரோனியா இருபது டாலரைக் கூடையில் வைத்துக் கயிற்றை விட்டார். கூடை இறங்க இறங்க வீடும் இறங்கியது. ஏழாவது அடியில் காபி தளும்பியது.

"அடப்பாவி! பனி அள்ளுற சாக்குல வீட்டையே அள்ளப் பாத்தியே!"

கூடையை மேலே இழுத்ததும் வீடும் பழைய உயரத்துக்கு ஏறியது. பணத்துக்குப் பதில் கூலியாகப் பன்னிரண்டு பியரோகி, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த போலந்துக் கொழுக்கட்டை, அவித்து, வெண்ணெயில் பொரித்து அனுப்பினார். வீடு அசையவில்லை. டெல்மர் அதைக் கடன் கணக்கில் வரவு வைத்து ரசீது எழுத யோசிப்பதற்குள் ஒன்பதைத் தின்றிருந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் பியரோகி இறங்கியது. நிலவரி நோட்டீஸைத் தபால்காரர், ஏணி ஏறச் சலித்து, டெல்மரிடமே கொடுத்தார். கட்டாவிட்டால் அடமானச் சொத்து ஏலம் போய்விடுமே என்று டெல்மர் தன் கிரெடிட் கார்டில் கட்டினார். கார்டுக்குக் கட்டக் கையில் எதுவுமில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒரு காலை டெல்மரோடு அவர் கூடாரமும் ஒன்பது அடி எழும்பியது. கார்டு பாக்கியை விலைக்கு வாங்கிய ஒருவர் கீழே வந்து நின்று, ஒரு டாலர் போதும் என்றார். பாத்திரத் தண்ணீரை எந்தக் கோணத்தில் ஊற்றுவது என்று ப்ரோனியா மேலிருந்து டெல்மருக்குச் சொல்லிக்கொடுத்தார். கூடைக்கு இப்போது ஒரு முழக் கயிறு போதும்.