நான் புகழ்ந்த படகு

என் கணவரின் தம்பி லவன் மோட்டார் படகு வாங்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. இதை ஒளிப்பானேன்? வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில்தான் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். அவர்களுக்குக் கொள்ளுப்பிட்டியில் கடை, பொல்கொட ஆற்றங்கரையில் விடுமுறைக்கு ஒரு வீடு. எங்களுக்கு லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிற ஃபிளாட். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றில் சுற்ற அவர்களுக்குப் படகும் வேண்டுமாம்.

லவனின் மனைவி ஹம்சிகா எங்களையும் கூட்டிக்கொண்டுதான் படகு பார்க்கப் போனாள். இரண்டில் எதை எடுப்பது என்று தெரியவில்லையாம், என் அபிப்பிராயம் வேண்டுமாம். காட்டி எரிச்சல் கிளப்பத்தான் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு படகும் அருகருகே நின்றன. இரண்டும் வெள்ளை, ஒரே நீளம், ஒரே எஞ்சின். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. நீலக்கோடு போட்டதில் முன்பக்கம் சாமான் வைக்கிற பெட்டி இருந்தது. சிவப்புக்கோடு போட்டதில் அந்த இடத்தில் மெத்தை வைத்த ஓர் இருக்கை, ஓராள் மட்டும் இருக்கலாம். முன்னால் தண்ணீரும் காற்றும்தான், யாருடைய முதுகையும் பார்க்கத் தேவையில்லை. கண்ட உடனேயே மனதுக்குள் நான் அதில் ஏறி இருந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அதில் இருக்கப்போகிறவள் ஹம்சிகா.

என்னால் தாங்க முடியவில்லை. சிவப்புக்கோட்டின் பக்கமே திரும்பாமல் நீலக்கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாமான் வைக்க எவ்வளவு வசதி, பிள்ளைகள் முன்னுக்கு ஓடி விழவும் மாட்டார்கள் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தேன். லவன் தலையாட்டினான். ஹம்சிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கணவர் வழக்கம்போல ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மனம் இலேசாக இருந்தது. வழியில் இறங்கி எல்லோருக்கும் ஐஸ்கிரீம்கூட வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஹம்சிகா ஃபோனுக்குப் படம் அனுப்பினாள். சந்தனம் பூசி, மாலை போட்டு, தேசிக்காய் கட்டி நின்றது சிவப்புக்கோடு. உடனே அவளை அழைத்து, நீலந்தானே நல்லது என்று பேசிக்கொண்டோம் என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "கோவிக்காதேங்கோ அக்கா. எங்களுக்கும் நீலந்தான் பிடிச்சது. ஆனா நீங்கள் அவ்வளவு ஆசையாப் புகழ்ந்திட்டியள். பிள்ளையளைத் தண்ணியில ஏத்திக்கொண்டு போற சாமான், நாவூறு பட்டிடுமெண்டு இவர் பயந்திட்டார். மற்றதை நீங்கள் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. அதுதான் அதையே எடுத்தனாங்கள்."

என் நாக்குப் பட்டால் படகு கவிழும் என்று இருவரும் கூடிக் கதைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"உண்மையில எனக்குப் பிடிச்சது அதுதான் ஹம்சி," என்றேன். "பாத்தா கண்ணை எடுக்கேலாமப் போயிடும் எண்டுதான் பாக்கேல்லை."

அக்கா என்ன சொல்கிறா என்று பின்னால் லவன் கேட்பது எனக்குக் கேட்டது.