கலிங்கத்தில் வெட்டப்படாத வரிகள்

பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அனோஜினிக்கு வியாழக்கிழமைகளில் அரைநாள் வேலைதான். மீதி அரைநாளில் மோர்டனிலிருந்து விம்பிள்டனுக்குப் போய், பெரியவர்களுக்கான வரலாற்று வகுப்பில் உட்காருவாள். பண்டைய உலகின் அரசர்கள் பற்றிய பத்து வாரப் பாடம். ஹமுராபி, ராம்சேஸ், சைரஸ், அலெக்சாந்தர் என்று வாரத்துக்கு ஒருவர். போரில் நின்றுபோன படிப்பு நாற்பத்தாறு வயதில் மறுபடி தொடங்கியதுபோல் அவளுக்கு இருந்தது.

ஆறாவது வாரம் அசோகர். வகுப்பில் இருந்த இன்னொரு தமிழர் சுந்தரராஜன். மதுரைக்காரர், வங்கியொன்றின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று அவர் எழுந்து நின்று பேசினார். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், இதையெல்லாம் அசோகரே பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் சொல்லி வருந்துகிறார் என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. வகுப்பு கைதட்டியது.

அனோஜினி தட்டவில்லை. "அந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் எந்த ஊரில் இருக்கிறது?" என்று ஆசிரியை ஹெலனிடம் கேட்டாள்.

"கலிங்கத்தில் இல்லை. அங்கே மற்ற ஆணைகள் பல உண்டு. ஆனால் வருத்தம் சொல்லும் அந்த ஆணையை அங்கே வெட்டவில்லை. வேறு இடங்களில், ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்றைய பாகிஸ்தானிலும் இருக்கிறது. காந்தகாரில் கிரேக்க மொழியில்கூட ஒரு பிரதி கிடைத்திருக்கிறது."

"ஏன் அங்கே வெட்டவில்லை?"

"உறுதியாகத் தெரியாது. அங்கிருந்த மக்களை மேலும் கொதிப்படையச் செய்யக்கூடாது என்று நினைத்திருக்கலாம் என்கிறார்கள்."

அனோஜினிக்குக் காது சுட்டது. இறுதிப்போரில் அவளுடைய அண்ணன் றொமேஷ் காணாமல் போனார். பிறகு எத்தனையோ மேடைகளில், எத்தனையோ நாடுகளில், கோட்டுப் போட்டவர்கள் வருத்தம் தெரிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவின் வாசலுக்கு வந்து ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. யாருக்கு வருத்தம் சொல்கிறார்கள்? கேட்டுக் கைதட்டுபவர்களுக்கா?

பாடத்தின் முடிவில் நூலகத்தில் ஒரு சிறு கண்காட்சி வைப்பது வழக்கம். ஒவ்வோர் அரசருக்கும் ஒரு பலகை. அசோகர் பலகையை அனோஜினியும் சுந்தரராஜனும் சேர்ந்து செய்வதாக முடிவாயிற்று. அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் தன் கணினியில் வடிவமைத்தார். கடைசிப் பத்தியில் அவள் எழுதியிருந்தது இதுதான்: இந்த வருத்தம் கலிங்க மக்கள் படிக்கும்படி கலிங்கத்தில் எங்கும் வெட்டப்படவில்லை.

திறப்பு நாளன்று பதினொரு மணிக்குப் போனாள். பலகை அழகாகத்தான் இருந்தது. சிங்கத்தூண், வரைபடம், அதே கல்வெட்டில் சோழர் பாண்டியர் பெயர் வரும் வரிகள் தடித்த எழுத்தில். அவளுடைய கடைசிப் பத்தி இல்லை. அந்த இடத்தில் ஒரு தாமரைப் படம்.

சுந்தரராஜன் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "நல்லா வந்திருக்கு இல்ல?"

"என்ரை கடைசி வசனம் எங்கை?"

"அதுவா... இடம் பத்தலைங்க."

"தாமரைக்கு இடம் இருக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "குழந்தைங்க எல்லாம் வருவாங்க, அனோஜினி. நம்ம பக்கத்து ராஜா ஒருத்தரைப் பெருமையா காட்டுற சமயத்துல இது எதுக்கு? நான் பொய் எதுவும் எழுதலையே."

"அசோகனும் பொய் சொல்லேல்லை. சொல்ல வேண்டிய இடத்திலை சொல்லேல்லை. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறியள்."

"ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க."

"ஓம், படுறன்! ஒரு லட்சம் பேர் செத்ததைச் சொல்லேக்கை உங்கடை குரல் தழுதழுக்கலாம். எனக்குக் கோவம் வரக்கூடாதோ? என்னட்டை ஒரு சொல் கேட்டனீங்களோ?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனோஜினி நேராக நூலக மேசைக்குப் போய் ஒரு தடித்த கறுப்புப் பேனை கேட்டு வாங்கினாள். திரும்பி வந்து, தாமரையின் மேலேயே, தன் வசனத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதினாள். அவசரத்தில் எழுத்துகள் கோணின. கோணட்டும் என்று விட்டாள்.

"இது என்ன அநியாயம்! ஹெலன், பாருங்கள்!" என்று சுந்தரராஜன் ஆங்கிலத்தில் கத்தினார்.

ஹெலன் வந்து இரண்டு முறை படித்தார். "பலகையில் கிறுக்கியது தவறு, அனோஜினி. என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம்." பிறகு சுந்தரராஜன் பக்கம் திரும்பினார். "ஆனால் இது உண்மை. நீங்கள் இதை எடுத்ததும் எனக்குத் தெரியாது. இருக்கட்டும்."

"அப்படியென்றால் என் பெயர் இதில் வேண்டாம்."

"வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்," என்றார் ஹெலன்.

சுந்தரராஜன் அவளிடமே பேனையைக் கேட்டு வாங்கி, அடியில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அவள் தடுக்கவில்லை.

ஒரு மணிநேரம் அங்கேயே நின்றாள். சிலர் தூணை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓர் இளம்பெண் தன் கைப்பேசியில் அந்த வசனத்தைப் படம் எடுத்தாள். எழுதிவிட்டால் ஆறும் என்று அனோஜினி நினைத்திருந்தாள். ஆறவில்லை. டிராமில் ஏறிய பிறகும் பல்லைக் கடித்தபடியே இருந்ததில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்று அம்மாவுக்கு அழைத்தாள்.

"என்ன பிள்ளை, வேலையில்லையோ?"

"லீவு போட்டனான். அம்மா, அண்ணையின்ரை பேரை ஒருக்காச் சொல்லுங்கோ."

"ஏன் இப்ப?"

"சும்மா. எனக்குக் கேக்க வேணும்."

அம்மா சொன்னார். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு.