பத்து டன் நந்தி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நந்தி வந்தது.

லாரியில் வந்தது. கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள். உடம்பு முழுக்க வைக்கோலும் சாக்கும் சுற்றியிருந்தது. அடியில் ஓர் இரும்புச் சட்டம். அதன் நான்கு மூலைகளிலும் கொக்கி மாட்ட வளையங்கள். வழியில் யாரோ கழுத்தில் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

விழுப்புரத்தின் ஓரத்தில் புதிதாக எழும்பிய சிவன் கோயில் அது. நந்தி, அரிசி மில் முதலாளி விருத்தாசலத்தின் உபயம். தெருமுனையிலேயே அவருடைய ஃபிளெக்ஸ் நின்றது. அதில் நந்தி சிறிதாகவும் அவர் பெரிதாகவும் இருந்தார். நடுவில் சிவப்பு எழுத்தில் ‘பத்து டன்’ என்று போட்டிருந்தது. நந்தி உட்காரப்போகும் மேடையிலும் அதையே கல்லில் வெட்டியிருந்தார்கள். ஃபிளெக்ஸைக் கழற்றலாம். கல்லைக் கழற்ற முடியாது.

பத்துக்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் இதே கோயிலுக்குப் பலிபீடம் செய்துகொடுத்தவர் உரக்கடை பெரியதம்பி. அந்தப் பலிபீடம் ஒரு ஆள் இடுப்பு உயரம். அதில் ‘ஏழு டன்’ என்று வெட்டி, கீழே தன் பெயரையும் வெட்டிக்கொண்டார். விருத்தாசலம் அதை வெள்ளிக்கு வெள்ளி நின்று படித்தார். பிறகு நந்தி ஒன்று செய்யச் சொன்னார். நாலரை டன் வரும் என்றார் சிற்பி. விருத்தாசலம் கேட்டுக்கொண்டார். கல்வெட்டுக்காரரிடம் பத்து என்றார்.

கிரேன் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தது. அதன் சொந்தக்காரி பிரபாவதி. கேபினில் உட்கார்ந்து ஓட்டுவது அவள் புருஷன் தென்னரசு. சங்கிலி போடுவது, கை காட்டுவது, தூக்கு என்பது, நிறுத்து என்பது எல்லாம் அவள். வீட்டிலும் அப்படித்தான் என்று தென்னரசு சொல்வதுண்டு. குறையாகச் சொல்லமாட்டான்.

பிரபாவதி ஃபிளெக்ஸைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். தான் கொண்டுவந்த சங்கிலியைப் பார்த்தாள்.

“போன்ல நாலரை டன்னு சொன்னீங்க. போர்டுல பத்துன்னு போட்டிருக்கீங்க. எதுங்க நெஜம்?”

விருத்தாசலம் சிரித்தார். பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே சிரித்தார். பெரியதம்பி முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி புதிது. விபூதியும் புதிது.

போர்டு கிடக்கட்டும், நீ தூக்கும்மா என்றார் விருத்தாசலம்.

அவள் தூக்கவில்லை. கொண்டுவந்தது நான்கு கால் சங்கிலி. மேலே ஒரு வளையம், அதிலிருந்து நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. வளையத்தில் தொங்கிய தகட்டில் ஆறு புள்ளி ஏழு டன் என்று பொறித்திருந்தது. அதுவும் கால்கள் குறுகலாக இறங்கினால்தான். அகலமாக விரிந்தால் ஐந்துக்கும் கீழே போய்விடும். நாலரைக்கு இது தாராளம். பத்துக்கு இதைவிடத் தடித்தது வேண்டும். அது திண்டிவனத்தில் ஷெட்டில் கிடந்தது. ஆள் போய் எடுத்து வரலாம். வருவதற்குள் ராகு காலம் வந்துவிடும்.

இரண்டு எடை காதில் விழுந்தால் பெரியதைத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். பார்வைக்கு நந்தி ஐந்துக்கு மேல் இராது. ஆனால் சாக்கைப் பிரிக்கக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். கல்லில் பத்து என்று இருக்கிறது. வெட்டச் சொன்னவரே அது பத்து இல்லை என்று சொல்லும்வரை பத்துதான்.

விருத்தாசலம் அவளை மதிலோரமாக அழைத்துப் போனார். உதடு அசையாமல் சொன்னார்.

“போன்ல சொன்னதுதாம்மா.”

“இங்க சொன்னா எனக்கு மட்டும்தாங்க தெரியும். அங்க வந்து சொல்லுங்க.”

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொக்கி மாட்டுவதற்கு முன்னால் பொருளின் சொந்தக்காரர் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கொக்கி மாட்டுகிற இரண்டு ஆட்களும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் கேபினிலிருந்து தென்னரசு சொல்வான். எல்லார் வாயிலும் ஒரே எண் வந்தால்தான் வேலை. பிரம்மதேசம் கிராமத்தில் ஒருமுறை ஜெனரேட்டர் இறக்கியபோது சொந்தக்காரர் அவளிடம் இரண்டு டன் என்றார், ஆட்களிடம் நான்கு என்றார். அன்று சங்கிலி அறுந்துவிடவில்லை, நீண்டது. நீண்ட சங்கிலியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அவள் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டாள். வேறு மில்களிலும் சொன்னார்கள், ரைஸ் பாய்லர்காரரும் சொன்னார், மாதா கோயில் மணியை ஏற்றியபோது பங்குச் சாமியாரும் சொன்னார். யாருக்கும் இதில் கஷ்டம் இருந்ததில்லை.

விருத்தாசலம் யோசித்தார். மேளக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார். நாயனமும் தவிலும் கிளம்பின. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு அவர் பிரபாவதியைப் பார்த்து வாயைத் திறந்து மூடினார். அவள் கை காட்டி மேளத்தை நிறுத்தினாள். தூக்கும்போது தன் சத்தம் கேபினுக்குக் கேட்க வேண்டும், மேளம் நந்தி மேடையில் உட்கார்ந்த பிறகு என்றாள். தவில்காரருக்குக் கோபம். இப்போதுதான் கை சூடாகியிருந்தது.

அடுத்து விருத்தாசலம் வேட்டி மடிப்பின் மறைவில் நான்கு விரலைக் காட்டி ஐந்தாவதைப் பாதி மடக்கினார். தென்னரசு கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். நாலு பேருக்கு டீ சொல்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டினான்.

மில் மேஸ்திரி புகழேந்திக்கு ஒரு யோசனை தோன்றியது. மீட்டர் இருக்கிற கிரேன்தானே, அது எடையைக் காட்டாதா என்றான். தொங்கின பிறகு காட்டும், சங்கிலியைத் தொங்குவதற்கு முன்னால் போட வேண்டியிருக்கிறது என்றாள் பிரபாவதி. புகழேந்திக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. மில் லாரியில் ஒரு சங்கிலி கிடக்கிறது, டிராக்டர் சேற்றில் மாட்டினால் இழுப்பது. அதையும் இதோடு சேர்த்துப் போட்டால் பத்து ஆகிவிடாதா. அவன் கேட்டதோடு நிற்கவில்லை. போய்த் தூக்கிக்கொண்டே வந்துவிட்டான்.

பிரபாவதி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தகடு இல்லை. ஒரு கண்ணி விரிந்திருந்தது. இன்னொரு கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டு இருந்தது.

“இழுக்கிற சங்கிலி அறுந்தா டிராக்டரு அங்கியே நிக்கும். தூக்குற சங்கிலி அறுந்தா நந்தி நிக்காதுண்ணா.”

புகழேந்தி சங்கிலியை மில் லாரிக்கே திருப்பி எடுத்துப்போனான். போகும்போது போல்ட்டை ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டான்.

விருத்தாசலம் மறுபடி வந்தார். பத்து என்பது நந்தியும் மேடையும் சேர்ந்த கணக்கு என்றார். மேடையைத் தூக்க வேண்டியதில்லையே என்றாள் அவள். அப்படியானால் நந்தி மட்டும் எவ்வளவு என்று முன்வரிசையிலிருந்து பெரியதம்பி கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார். விருத்தாசலம் அவர் பக்கம் திரும்பவில்லை. பெரிய சங்கிலியே வரட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று குருக்களிடம் கேட்டுப் பார்த்தார். கலசத்தில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது என்றார் குருக்கள். நேரம் பத்து. பத்தரைக்கு ராகு காலம்.

விருத்தாசலத்தின் மனைவி கோவிந்தம்மாள் பந்தலுக்கு அடியில் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அங்கிருந்தே பேசினாள்.

“போய் சொல்லிட்டு வாங்க. எல்லாருக்கும் தெரியுறதுதான். இந்தப் பொங்கலு ஆறிட்டா ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

எல்லாருக்கும் தெரியும் என்பது விருத்தாசலத்துக்குத் தெரியாது. அவர் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். துண்டைச் சரிசெய்துகொண்டார். சொன்னார்.

தென்னரசு காதில் கை வைத்தான். “கேக்கலீங்க.”

“நாலரை டன்னு.”

நாலரை டன் என்றான் லாரியின் இடப்பக்கம் நின்ற ஆள். நாலரை டன் என்றான் வலப்பக்கம் நின்றவன். நாலரை டன் என்று கேபினிலிருந்து தென்னரசு முடித்தான். புதுக் கோயிலில் இன்னும் தூண்கள் பூசாமல் இருந்தன. எதிரொலித்து, ஒவ்வொரு ‘நாலரை’யும் இரண்டு முறை கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. விருத்தாசலம் சிரிப்புக்குத் தயாராக இருந்தார். சிரிக்காமலிருந்ததற்குத் தயாராக இல்லை. பெரியதம்பி எழுந்து தன் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்ப் பலிபீடத்தின் எழுத்துக்கு முன்னால் போட்டு, அங்கே உட்கார்ந்தார். இங்கே நிழல் நன்றாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அங்கே வெயில் அடித்தது.

அதன்பிறகு பிரபாவதிக்கு யாரும் தெரியவில்லை. சங்கிலியின் நான்கு கால்களையும் தரையில் நீட்டிப் போட்டு ஒவ்வொரு கண்ணியாக விரலில் உருட்டினாள். முறுக்கு இருந்த ஒரு காலைப் பிரித்துவிட்டாள். கொக்கிகளை வளையங்களில் மாட்டி, ஒவ்வொரு கொக்கியின் வாயிலும் பூட்டு விழுந்ததா என்று தட்டிப் பார்த்தாள். குருக்கள் சங்கிலியில் சந்தனம் தடவக் கையை நீட்டினார். தகட்டில் வேண்டாம், கண்ணியிலும் வேண்டாம், வண்டியின் முகப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் தடவுங்கள் என்றாள். அவர் முகப்புக் கண்ணாடியில் மூன்று பட்டை இழுத்தார். தென்னரசு வைப்பரைப் போட்டுத் துடைத்தான். பிறகு பயந்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கயிறு கட்டி ஜனங்களைப் பின்னால் தள்ளினார்கள். விருத்தாசலமும் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. என் நந்தி என்று சொல்லிப் பார்த்தார். கயிறு எல்லாருக்கும்தான் என்றாள் பிரபாவதி.

அவள் கையை உயர்த்தி விரலைச் சுழற்றினாள். சங்கிலிகள் மெதுவாக விறைத்தன. சாக்கு நெரிந்தது. நந்தி லாரியை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவள் கையை மூடினாள். கிரேன் நின்றது. ஒரு சாண் தூக்கிப் பார்த்துவிட்டு நிறுத்துவது அவள் வழக்கம். ஏதாவது ஆவதாக இருந்தால் ஒரு சாணிலேயே ஆகிவிடும்.

ஒன்றும் ஆகவில்லை. சங்கிலி முனகக்கூட இல்லை. நாலரை டன்னைத் தூக்கினால் அது கொஞ்சமாவது முனகும். பிரபாவதி காதைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நந்தியின் அடியில் திணித்திருந்த வைக்கோல் மொத்தமாகச் சட்டத்தின் நடுவிலிருந்து லாரியில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்குப் போடலாம், அவ்வளவு வைக்கோல். கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். நந்தியின் வயிறு கீழிருந்து மேலாகக் குடையப்பட்டிருந்தது. நன்றாகவே குடைந்திருந்தார்கள். பொங்கல் அண்டாவைக் கவிழ்த்து உள்ளே வைக்கலாம்.

விருத்தாசலமும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

தென்னரசு கேபினிலிருந்து பிரபாவதியைக் கூப்பிட்டான். அவள் போய் ஏணியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் மீட்டரின் மேல் விரலை வைத்திருந்தான். இரும்புச் சட்டம், சாக்கு, மாலை எல்லாம் சேர்த்து மூன்று புள்ளி ஒன்று.

சங்கிலிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சொன்ன எடை ஒன்று, தொங்குகிற எடை ஒன்று. சரியான எடை எல்லார் வாயிலும் வராமல் நந்தி ஒரு சாணுக்கு மேல் போகாது. தென்னரசு மீட்டரிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்தான். இரண்டு ஆட்களும் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பெரியதம்பி கழுத்தை நீட்டினார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிரபாவதி ஏணியிலிருந்து இறங்கி நந்திக்கு முன்னால் வந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். விருத்தாசலம் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வயிறு அதில் அழுந்த, அவள் பக்கம் எவ்வளவு வர முடியுமோ அவ்வளவு வந்தார்.

“எம்மா, இது எனக்கே தெரியாதும்மா. இதையும் சத்தமாத்தான் சொல்லணுமா?”