தூருக்குள் விழுந்த பூச்சி

பாகூர் ஏரிக்கு மேற்கே இருசப்பனின் நெல் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கழனிதான் வருஷச் சோறு. அதை ஒட்டிய புல்தரையில் மாடு காலை வைத்தால் போதும், பூச்சி குபுகுபுவென்று கிளம்பியது. அந்தக் கருமத்தை இன்னதென்று அடையாளம் பார்க்கும் வேலை அவன் பெண்டாட்டி வேலம்மாள் தலையில் விழுந்தது. அவன் காய்ச்சலில் முடங்கிக் கிடந்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கிப் புது சர்க்கார் வந்ததும் மருந்தடிக்க வருவதாகச் சொன்ன ஆள் வில்லியனூரோடு நின்றுவிட்டான்.

பார்க்கும் வழி ஊருக்கே தெரியும். உச்சி வெயிலில் புல்மேல் கயிற்றை இழுக்க வேண்டும். கிளம்பிய பூச்சி மறுபடி புல் தாளிலேயே உட்கார்ந்தால் வெறும் புல்பூச்சி, நெல்லைத் தொடாது. தூருக்குள் விழுந்து ஒளிந்தால் அதைக் கையில் பிடித்து றெக்கையைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கதிர் வெட்டும் புழுவின் தாய். அப்படியென்றால் ஊர் ஊராக வாத்து மேய்க்கும் அய்யனாரைப் போகவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். வாத்து மிதித்துக் கொஞ்சம் நெல் போகும், ஆனால் புழு பொரிந்ததும் தின்று தீர்த்துவிடும். அவனோ திருக்கனூர்ப் பக்கம் கிளம்பத் தயாராக நின்றான்.

வேலம்மாள் கயிற்றை இழுத்தாள். ஒரு சனியன் உதட்டில் ஒட்டி றெக்கை மாவைப் பூசியது. துப்பித் துப்பிப் பார்த்தாள், கசப்பு போகவில்லை. பாதிப் பூச்சி தாளில் உட்கார்ந்தது, பாதி தூருக்குள் விழுந்தது. குனிந்து விலக்கினாள். கொழகொழத்த வயிற்றோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. குமட்டிக்கொண்டு வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சீ, இதைப் போய் மனுஷி தொடுவாளா?

"இன்னாக்கா, இருக்கட்டுமா, போவட்டுமா?" வரப்பிலிருந்து அய்யனார் கேட்டான்.

"புல்பூச்சிதான். நீ போப்பா."

"கையில புடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

காய்ச்சல் விட்டு இருசப்பன் கழனிக்கு வந்தபோது கதிரெல்லாம் கழுத்தறுந்து சேற்றில் கிடந்தது. தூர் முழுக்கப் புழு. காலை வைத்தால் நசுங்கிப் பச்சையாக வழிந்து நாறியது. வாத்துகள் எந்த ஊரில் மேய்கின்றனவோ.

அவன் அறுந்த கதிர் ஒன்றை எடுத்துப் பார்த்தான். பிறகு கூட வந்த வேலம்மாளிடம் சொன்னான்: "நீ பாத்துத்தான் சொன்ன. இது அப்பால வேற எங்கியோ இருந்து வந்துக்குது. நீ இன்னாமே பண்ணுவ?"

வேலம்மாள் குனிந்து வெறுங்கையால் புழுவைப் பொறுக்கத் தொடங்கினாள். இப்போது அது அருவருப்பாக இல்லை, தன்னை நினைத்தால்தான் குமட்டியது. இருசப்பன் ஆறுதலாக அவள் முதுகில் கை வைத்தான்.

"தொடாதய்யா" என்றாள்.