அக்காவின் இடது உள்ளங்கை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான்தான். [எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். மூளைப் பரிசோதனை அறையில் விளக்கு நொடிக்கு எத்தனை முறை மின்னுகிறதோ, அதுதான் பகுதியின் எண்.]

3

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பள்ளி வேன் ஓட்டும் அக்கா அன்று வானத்தை…’ வானத்துக்கு இங்கே என்ன வேலை? அது ஜன்னலே இல்லாத அறை. அக்காவின் தலை முழுக்க மூளை அலைகளைப் பதியும் ஒயர்கள். எதிரே விளக்கு. அதன் வேகத்தைக் கூட்டும் குமிழில் கை வைத்தபடி டெக்னீஷியன்.

போன வாரம் வேனிலேயே மயங்கிவிட்டாள். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. வலிப்பு இல்லை என்று தெரிந்தால்தான் மறுபடி சாவி.

“வெளிச்சம் பட்டு இவங்களுக்கு முன்னாடி ஏதாவது ஆனதைப் பார்த்திருந்தா சொல்லிடுங்க. விளக்கை ரொம்பக் கூட்ட மாட்டேன்” என்றார் என்னிடம்.

“இல்லீங்க.”

6

பார்த்திருக்கிறேன். சாலையோர மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடிக்கும்போது, இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட்டுவாள். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். “ரெண்டையும் மூடினாலும் இமை வழியா வந்துடும்டா. ஒன்னைப் பொத்தினா தாங்குது” என்பாள். காலையில் வாசலில் வைத்துச் சொன்னாள்: “நீ வாயைத் திறந்தா, நான் வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்.”

9

“கையைக் கீழ வைங்கம்மா.”

“மூக்கு அரிக்குதுங்க.”

மூன்றாவது தடவையாக மூக்கு. டெக்னீஷியன் சிரித்தார். உள்ளங்கை ஒரு கண்ணை மறைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

[இவரைக் கெட்டவராக எழுதினால் என் பாரம் குறையுமே என்று பார்த்தேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை. அக்காவின் காலுக்குப் போர்வை இழுத்துவிட்டார்.]

12

ஒரு முடிவு எழுதினேன். அலைகள் ஒழுங்காக இருக்கின்றன, சாவி கிடைக்கிறது. மறுநாள் பதினெட்டுப் பிள்ளைகளும் ஏறினார்கள். பயந்து, எழுதியதை அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அவள் உடம்பு வெட்டி… மாட்டேன். அவள் என் அக்கா.

நடந்தது இவ்வளவுதான். டெக்னீஷியன் அவள் இடது கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னடா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? காலைல சாப்பிட்டியா?”

அவர் கை மறுபடி குமிழுக்குப் போகிறது. அடுத்த எண்ணை எழுதிவிட்டேன். கீழே எழுதக் கை வரவில்லை. “ஒரு நிமிஷம் சார், நான் பார்த்திருக்கேன்.” இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் நிறுத்திவிடுவார், ரிப்போர்ட்டில் எழுதியும் விடுவார், சாவி போய்விடும். சொல்லாவிட்டால் விளக்கு இன்னும் வேகமாக மின்னும். நீங்களும் இதே அறையில்தான் இருக்கிறீர்கள்.

15