கேட்டுக்கு வெளியே நின்ற வீரன்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். பாடத்தில் இருக்கும் ஒரு பழைய பேய்க்கதையின் நாயகனை ‘அஞ்சா நெஞ்சன்’ என்று வர்ணித்துப் பக்கம் பக்கமாக அள்ளி விட்டிருக்கிறேன். ஆதாரம், பாழடைந்த வீட்டுக்குள் நுழையும்போது அவன் மனைவியிடம் சொல்லும் வசனம்: “ஒன்றும் இருக்காது, பயப்படாதே.”

இன்று காலை அந்தக் கையேட்டின் புதுப் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் திருத்த ஒன்றுமில்லை. என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்ல இன்று வரச் சொல்லியிருந்தார் டாக்டர். கூட வாருங்கள் என்று அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான். நான் சோபாவில் இருந்தபடியே, “அவசர வேலை. ஒண்ணும் இருக்காது, பயப்படாத” என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போனதும் மகள் புத்தகத்தோடு வந்தாள். அந்த நாயகனைப் பற்றி அவள் நாளை வகுப்பில் பேச வேண்டும்.

“அப்பா, இவன வீரன்னு எழுதியிருக்கீங்களே, கதைய முழுசா படிச்சீங்களா?”

“பின்ன?” என்றேன், ஆசிரியர் மிடுக்கோடு.

“அப்ப கடைசில அவன் எங்க நிக்கிறான்?”

மாட்டிக்கொண்டேன். மாடிக் கதவு தானாகத் திறக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டவன் நான். பேய் என்றாலே எனக்குப் பயம். மீதியை ஊகித்து எழுதினேன். வீரம் பற்றி எனக்குக் கேள்விஞானம் நிறைய உண்டு.

அவளே கடைசிப் பக்கத்தை வாசித்தாள். கதவு திறந்ததும் நாயகன் எடுக்கிறான் ஓட்டம். மனைவி மாடியில் தனியாக நிற்கிறாள். கேட்டுக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு அங்கிருந்து கத்துகிறான்: “ஒன்றும் இருக்காது, பயப்படாதே.”

“அவன் பயந்தத நான் தப்பு சொல்லலப்பா. பயமா இருக்குன்னு அவகிட்டயே சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்பாங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை, அவளுக்கு நாளைய பேச்சுதான் கவலை. எனக்குத்தான் அதற்குமேல் சோபாவில் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததை பஸ்ஸில்தான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி காத்திருந்தாள். இன்னும் கூப்பிடவில்லை.

“அவசர வேலைன்னீங்க?”

“வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள்.

“அப்பாடா,” என்றாள். “நான் ஒருத்திதான் பயந்துட்டிருக்கேன்னு நெனச்சேன்.”

பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். கூப்பிட்டபோது சேர்ந்தே எழுந்தோம். கதவைத் திறந்தது நான்தான். பயமாக இருக்கிறது என்று அவளிடம் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் திறந்தேன்.